என் தலையும் மருமகள் தலையும்

என் மண்டையைத் திறந்தபோது எனக்கு வயது முப்பத்து மூன்று. என் தங்கையின் மகளுக்குத் திறந்தபோது அவளுக்கு ஐந்து. இரண்டும் வலிப்புக்குத்தான், இரண்டும் கொழும்பில்தான், இடையில் நாலே வருஷம். ஆனாலும் இரண்டும் ஒரே வைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நானே அப்படி நினைத்துப் பெரிய பிழை விட்டவன். ஆகவே அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் பதினொரு வயதில் முதல் வலிப்பு வந்தது. அன்றோடு வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது, சைக்கிள் ஓடக் கூடாது, குசினிக்குள் அடுப்புக்குக் கிட்டப் போகக் கூடாது. வளர்ந்த பிறகு கடற்கரையோரம் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எங்கே குளிக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் முழங்காலுக்கு மேல் கடல்தண்ணீர் ஏறியதில்லை.

வலிப்பு வந்தால் கையில் பூட்டின் இரும்புத் திறப்பைத் திணிப்பது பல ஊர்களிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் அதோடு ஒரு போர்வையும் இருந்தது. நான் விழுந்த உடனே தலையிலிருந்து கால் வரை மூடிவிட வேண்டும். வீட்டு முன் ஒழுங்கையால் போகிறவர்கள் கண்டுவிட்டால் நாளைக்கு இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பது அம்மாவின் பயம். அந்தப் போர்வைக்குப் பொறுப்பு என் தங்கை. என்னைவிட ஆறு வயது இளையவள். ஏழு வயதுப் பிள்ளை, விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, மற்றவர்கள் எழும்புவதற்குள் என்னை மூடியிருப்பாள். எனக்கு நினைவு திரும்பும்போது துணிக்குள் இருட்டாக இருக்கும். வெளியே அவள் ஒழுங்கையில் நிற்பவர்களிடம் அண்ணாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.

இருபத்திரண்டு வருஷம் மாத்திரை விழுங்கினேன். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று, அதுவும் கேட்காவிட்டால் இரண்டும் சேர்த்து. கடைசியில் கொழும்பில் ஒரு டொக்டர் அம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி, இடது காதுக்கு மேலே பாக்களவில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதை எடுத்துவிடலாம் என்றார். பக்கத்திலேயே பேச்சு இருக்கிற இடம், அதனால் மிகக் கவனமாகத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். யோசிக்க நேரம் கேட்டேன். தாராளமாக எடுங்கள், உங்கள் தலை, உங்கள் முடிவு என்றார். நான் இரண்டு வருஷம் யோசித்தேன்.

அந்தச் சத்திரசிகிச்சையின்போது நடுவில் என்னை எழுப்பிவிட்டார்கள். மண்டை திறந்திருக்கிறது, வலி இல்லை, முகத்துக்கு முன்னால் ஒருவர் படங்களைக் காட்டுகிறார், நான் பெயர் சொல்ல வேண்டும். என் மூளையில் அவர்கள் ஓர் இடத்தை மெல்லத் தொட்டு, அப்போது நான் வாயடைத்துப்போனால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். கதிரை என்றேன், குடை என்றேன், வாழைப்பழம் என்றேன். அடுத்த படம் ஒரு மீன். நான் பேசவில்லை. திரும்பவும் காட்டினார்கள். அப்போதும் பேசவில்லை. பின்னால் யாரோ நிறுத்துங்கள் என்றார்கள், அறையே உறைந்துபோனது. நானோ செட்டையைப் பார்த்தால் பாரை, வாலைப் பார்த்தால் விளைமீன், இது என்ன மீன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"படம் கீறினவருக்கு மீன் தெரியாது போல," என்று கடைசியில் சொன்னேன்.

முகமூடிகளுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். வெறுமனே மீன் என்று சொன்னால் போதும் என்றார் படம் காட்டியவர். எங்கள் ஊரில் வெறுமனே மீன் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

வலிப்பு நின்றது. உண்மையாகவே நின்றது. ஆட்களின் பெயர்கள் மட்டும் நாக்கு நுனிவரை வந்து கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். ஆனால் வலிப்பு போன பிறகும் வலிப்புக்காரன் எனக்குள் இருந்து போகவில்லை. கிணற்றடியில் கை தானாகச் சுவரைப் பிடித்தது. மாத்திரைப் போத்தல் இல்லாமல் தெருமுனைக்குப் போனதில்லை. வருஷம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. கடலை நான் கரையில் இருந்தே பார்த்தேன். இருபத்திரண்டு வருஷப் பயத்தை எடுத்துவிட எந்த டொக்டரிடமும் கத்தி இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் மருமகளுக்குத் தொடங்கியது. நாலு வயது முடிந்து சில மாதம். முதலில் வலது கைப் பெருவிரல் துடித்தது, பிறகு வலது பக்க உதடு, பிறகு அந்தப் பக்கம் முழுவதும். மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை வந்தது. மாதங்கள் போகப் போக வலது கை சோறு பிசைய மறுத்தது. அதைவிடப் பயங்கரம், கதை குறைந்துகொண்டு வந்தது. வாய் ஓயாத பிள்ளை. "மாமா எங்க போறீங்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒரு மூச்சில் சொன்னவள், பிறகு மாமா என்று மட்டும் சொன்னாள், பிறகு என்னைக் கண்டால் கையை நீட்டினாள்.

அதே டொக்டர் அம்மாதான் பார்த்தார். மூளையின் இடது பாதியை மெல்லத் தின்னும் ஒரு அழற்சி, மாத்திரையால் நிற்காது, அந்தப் பாதியை மற்றப் பாதியிலிருந்து துண்டித்துவிட வேண்டும், அதுவும் சுணங்காமல் என்றார். வலது கை விரல்கள் நுணுக்கமான வேலைக்கு இனி உதவா. இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வை போய்விடும். நடப்பாள். பேச்சு வலது பாதிக்கு இடம் மாற வேண்டும். மாறும் என்று நம்புகிறோம், சத்தியம் பண்ண முடியாது என்றார்.

தங்கை என்னிடம்தான் வந்து கேட்டாள். வீட்டில் தலை திறந்தவன் நான் ஒருவன்தானே. நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தவன் போல, பொறு என்றேன். வளர்ந்த எனக்கே பாக்களவு எடுக்க அத்தனை யோசித்தார்கள், இந்தச் சின்னஞ்சிறுசுக்குப் பாதி மூளையா? பிள்ளை வளரட்டும், தன் முடிவைத் தானே எடுக்கட்டும், நான் எடுத்தது போல. அவளுடைய கணவனும் அதைத்தான் கேட்க விரும்பினான். மச்சான் சொன்னால் சரி என்று கடலுக்குப் போய்விட்டான்.

மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் பிள்ளையிடம் மிஞ்சியவை அம்மா, தண்ணி, வேண்டாம் என்ற மூன்று சொற்கள். என் அறிவுரையின் விலை அது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குத் தங்கையோடு நானும் போனேன், வாதாடத்தான் போனேன். நான் சொன்னதையெல்லாம் டொக்டர் அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கட தலையில எல்லா இடத்திலயும் ஆக்கள் குடியேறி வீடு கட்டியாச்சு. ஒண்டை இடிச்சா அவைக்குப் போக இடமில்லை. அதாலதான் பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாய் எடுத்தனாங்கள். பிள்ளையின்ர வலது பக்கத்தில இன்னும் வெறுங்காணி கிடக்கு. இப்ப இடது பக்கத்தில இருந்து எழுப்பிவிட்டால் கதை அங்க போய் வீடு கட்டும். நீங்கள் சொல்ற மாதிரி வளர்ந்த பிறகு வந்தால், அந்தக் காணியும் நிரம்பியிடும்."

பெரியவனுக்குப் பெரிதாக வெட்டுவார்கள், சின்னவளுக்குச் சின்னதாக வெட்டுவார்கள் என்று சட்டை தைக்கிற கணக்கில் நினைத்திருந்தேன். விஷயம் நேர் எதிர். நான் இரண்டு வருஷம் காத்திருந்தது எனக்கு நட்டம், அவ்வளவுதான். அவள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் திரும்பி வரவேண்டிய பேச்சின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து வராந்தாவில் வைத்துத் தங்கையிடம் நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அண்ணன்மார் தங்கைகளிடம் அடிக்கடி சொல்கிற வார்த்தை அல்ல அது. அவள் என்னை ஏசக்கூட இல்லை, அது இன்னும் சுட்டது.

ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. வலிப்பு முழுவதும் இடது பாதியில் இருந்துதான் வருகிறது, வலது பாதி சுத்தமாக இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். என்னைப் போல ஐந்து வயதுப் பிள்ளையை மண்டை திறந்தபடி முழிக்க வைத்துப் படம் காட்ட முடியாது. ஆகவே தலை நிறையக் கம்பிகள் ஒட்டி, கட்டிலுக்கு மேலே கமராக்கள் பூட்டி, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கை முதலில் துடிக்கிறது, கண் எந்தப் பக்கம் போகிறது, வாய் எப்படிக் கோணுகிறது எல்லாம் படத்தில் விழ வேண்டும்.

இரண்டாம் நாள் காலை பத்து மணியிருக்கும். பிள்ளை பிளாஸ்டிக் வள்ளம் ஒன்றை இடது கையால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம், தங்கை கட்டிலோரம். வலிப்பு வந்தது. வந்த அதே நொடியில் தங்கையின் கை கால்மாட்டில் கிடந்த போர்வையை உருவி, பிள்ளையைத் தலை முதல் கால் வரை மூடிவிட்டது. தாதி ஓடிவந்து இழுப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு வெள்ளைத் துணி குலுங்கிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஏன் மூடினீர்கள் என்று டொக்டர் அம்மா கேட்டார். தங்கை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. மூடியது தான்தான் என்பதே யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நான்தான் பதில் சொன்னேன். ஏழு வயதிலிருந்து என்னை மூடி மூடிப் பழகிய கை டொக்டர், அதற்கு வேறு ஒன்றும் தெரியாது என்றேன். என் வருத்தத்தை நான் ஒருவன்தான் சுமந்தேன் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேனே.

டொக்டர் அம்மா ஏசவில்லை. இன்னொன்று வர வேண்டும், அதைப் பிள்ளையின் அம்மா கண் திறந்து முழுவதும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாதி போர்வையை எடுத்துக்கொண்டு போனார். போர்வை இல்லாவிட்டாலும் தன் சேலைத் தலைப்பு இருக்கிறதே என்று தங்கைக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை.

"அண்ணா, என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. விடாதேங்கோ," என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் வலிப்பு வந்தது. நான் அவளுடைய மணிக்கட்டுகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்தேன். அந்தக் கைகள் என்னை எவ்வளவு பலமாக இழுத்தன என்று எழுத முடியாது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பவில்லை. பெருவிரல், உதடு, கழுத்து, கால் என்று பார்த்தபடியே உரத்துச் சொன்னாள். முழுவதும் வலது பக்கம். ஒரு வலிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னுடையதைக்கூட அவள் பார்த்ததில்லை, துணியைத்தான் பார்த்திருக்கிறாள். பின்னேரம் டொக்டர் அம்மா வந்து, எல்லாம் மூளையின் இடது பக்கத்தில் இருந்துதான், வலது பக்கம் அமைதியாக இருக்கிறது என்றார்.

என் சத்திரசிகிச்சைக்கு நானே கையெழுத்து வைத்தேன். பிழையாகப் போனால் என் பாடு என்ற ஒரு சுதந்திரம் அதில் இருந்தது. தங்கையும் கணவனும் வைத்த கையெழுத்து அப்படிப்பட்டதல்ல. கடதாசியில் எழுதியிருந்ததைத் தங்கை இரண்டு தடவை வாசித்தாள், கணவன் ஒரு தடவையும் வாசிக்கவில்லை. இரண்டு பேரும் வைத்தார்கள். அன்றைக்கு முழுப் பகலும் கதவுக்கு வெளியே இருந்தோம். என்னுடைய நாளில் நான் உள்ளே இருந்து மீனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வலிப்பு அன்றோடு போனது. ஆனால் அந்த மூன்று சொற்களும் சேர்ந்து போய்விட்டன. நான் இரண்டாம் நாளே தட்டுத்தடுமாறிப் பேசியவன். அவள் ஒரு வாரமாகியும் பேசவில்லை, ஊருக்குக் கொண்டுவந்தும் பேசவில்லை. வலது கை மடியில் கிடந்தது. வந்து பார்த்தவர்கள் ஓடித் திரிந்த பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டீர்களே என்று தலையாட்டினார்கள். ஒரு சொந்தக்காரி என் முன்னாலேயே, மண்டையைத் திறந்தவர்கள் மனிசராக வாழ்ந்ததில்லை என்றாள். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டீர்கள் என்றால் போகலாம் என்று நான் சொன்னேன். இன்றுவரை அவள் என்னோடு கதைப்பதில்லை, நல்லது.

கிழமையில் மூன்று நாள் நகரத்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் கிழமை நின்றாள். ஏழாம் கிழமை வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கதை வரவில்லை. தங்கை ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பெயர் சொல்லிக்கொண்டே இருப்பாள், கோப்பை, சீப்பு, செருப்பு என்று, காலை முதல் மாலை வரை. பிள்ளை அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காணி வெறுமையாகத்தான் கிடக்கிறதோ என்று எனக்குள் ஒரு நடுக்கம், வெளியில் சொல்லவில்லை.

பதினோராம் கிழமை, பயிற்சி கொடுக்கும் பெண் வழக்கம் போல வலது கையால் ஒரு பந்தைத் தள்ளச் சொன்னார். பிள்ளை தள்ளவில்லை. தள்ளும்மா, தள்ளும்மா என்றார். பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலாது," என்றாள்.

அவரின் கையிலிருந்து உருண்டு போன பந்தை யாரும் எடுக்கவில்லை. பயிற்சிக்காரர் ஏலாதா என்று கேட்டார், நம்ப முடியாமல். ஏலாது, என்று மறுபடியும் சொன்னாள், இந்த முறை கோபமாக. தங்கை நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். முடியாது என்ற சொல்லைக் கேட்டு இத்தனை பேர் சந்தோசத்தில் அழுததை அந்த அறை முன்பு கண்டிருக்காது. கணவன் கடலில் இருந்தான். கரை வந்ததும் சொன்னேன். பிடித்த மீனைக்கூட இறக்காமல் வீட்டுக்கு ஓடினான்.

அதன்பிறகு கதை வந்தது, முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு வாளி வாளியாக. சில மாதம் கழித்து நகரத்துப் பஸ் நிலையத்துக்குக் கிட்ட அவளோடு நடந்தேன். அங்கே மான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரிவது வழக்கம். வலது பக்கம் அவளுக்குப் பார்வை இல்லை, நானும் கவனிக்கவில்லை, நேரே போய் ஒரு மானில் முட்டிவிட்டாள். நான் பதறிக் குனிந்தேன். அவளோ இடுப்பில் இடது கையை வைத்துக்கொண்டு மானைப் பேசினாள்: நடுவழியில் நிற்கிறாய், பார்த்து நிற்கத் தெரியாதா, மற்றவர்கள் போக வேண்டாமா. எண்ணினேன், மூன்று முழு வசனம். மான் ஒரு கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் டொக்டர் அம்மா கடலில் குளிக்கலாம் என்றார், இரண்டு பேருக்கும்தான். ஊருக்கு வந்து கடற்கரைக்குப் போனதும் பிள்ளை என் கையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்கு வலிப்பே நினைவில்லை. போர்வையும் நினைவில்லை, கம்பியும் நினைவில்லை. பயப்படுவதற்கு அவளிடம் பழையது ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எல்லாம் இருந்தது. அவளைப் பிடிக்க வேண்டுமே என்று ஓடினேன், ஓடி முடிந்து பார்த்தால் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறேன். ஏன் மாமா முழிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லித் தலையை உள்ளே அமிழ்த்தினேன், தழும்போடு சேர்த்து.

போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். லிங்கநகர்ப் பக்கம் உள்ள சின்னப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. தகப்பன் கடலுக்குப் போயிருந்ததால் நான் தங்கையோடு போனேன். ரீச்சர் இளம்பெண், இந்த வருஷம்தான் வந்தவர், எங்கள் கதை அவருக்குத் தெரியாது. இடது கையால் எழுதுகிறாள், எழுத்து பரவாயில்லை, கணக்கு கொஞ்சம் மெதுவாக வருகிறது, சொல்லிக்கொடுக்கலாம் என்றார். பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு, குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம் என்ற முகத்தோடு தங்கையைப் பார்த்தார்.

"உங்கட மகள் வகுப்பில ஒரு நிமிசம் வாய் மூடுறா இல்லை. ஓயாமக் கதை. பக்கத்துப் பிள்ளையளைப் படிக்க விடுறா இல்லை. நீங்கள் வீட்டில கொஞ்சம் சொல்ல வேணும்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன், அல்லது வேறு ஏதாவது செய்திருப்பேன். தங்கை அசையாமல் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று ரீச்சர் நினைத்திருக்க வேண்டும், கதிரையை முன்னுக்கு இழுத்துக் குனிந்தார். தங்கை மேசையில் இரண்டு கையையும் வைத்து, கண்ணைத் துடைக்காமல், அவரையே பார்த்தாள்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ," என்றாள். "அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."